'சகல' ஆத்துமாக்கள்னா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும்தானே?

நவம்பர் மாசம் நெருங்கினாலே மூணு வகை ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்க வேண்டியிருக்கு.

முதல் வகை நம்ம பெந்தெகொஸ்தே சகோதரர்கள். "செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு, வசனத்தைக் காட்டுங்க" என்று வந்து நிற்பார்கள். ரெண்டாவது வகை பகுத்தறிவு நண்பர்கள். "உசுரோட இருக்கறவன்கிட்ட வாங்கினது பத்தாதுன்னு செத்தவன் பேர்லயும் உங்க சாமியார் காசு வாங்கறாரே" என்பார்கள். மூணாவது வகை நம்ம ஆளுங்க. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க, செவந்திப்பூ மாலை போடுவாங்க, மெழுகுவத்தி ஏத்துவாங்க, தாத்தா பாட்டி பேர்ல பூசைக்குக் கொடுப்பாங்க. ஆனா ஒரு விஷயத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க.

முதல் ரெண்டு பேருக்கும் சுருக்கமா பதில் சொல்லிடறேன். இந்தப் பதிவு மூணாவது ஆளுங்களுக்கு. அதாவது, என் சொந்தக்காரங்களுக்கு.

பெந்தெகொஸ்தே நண்பருக்கு

நான் காரைக்கால்காரன். செத்தவங்களை மறக்காம இருக்கறதை எங்க ஊர்ல யாரும் விசித்திரமா பார்க்கறதில்லை. ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில தர்ப்பணம் நடக்கும். முஸ்லிம் நண்பர்கள் வீட்டுல இறந்தவங்களுக்காக ஃபாத்திஹா ஓதுவாங்க. பேய் உருவம் கேட்டு வாங்கி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் போய் உட்கார்ந்த அம்மையார் பிறந்த ஊர் இது. ஊர் வழக்கம் இருக்கட்டும், வசனம் எங்கன்னுதானே கேக்கறீங்க?

மக்கபேயர் இரண்டாம் புத்தகம், 12ஆம் அதிகாரம். உங்க பைபிள்ல அந்தப் புத்தகம் இருக்காது, எங்க பைபிள்ல இருக்கு. போரில் விழுந்த வீரர்களைப் புதைக்கப் போகிறார்கள். செத்தவன் ஒவ்வொருத்தன் உடுப்புக்குள்ளயும் விக்கிரகத் தாயத்து. சட்டப்படி அது பெரிய குற்றம். யூதா மக்கபே என்ன செய்யறார்? "இவனுங்க பாவிங்க, தனியா தூக்கிப் போடு"ன்னு சொல்லலை. எல்லார்கிட்டயும் வசூல் பண்ணி 2000 வெள்ளித் திராக்மா சேர்த்து, அவங்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி கொடுக்கச் சொல்லி எருசலேமுக்கு அனுப்பறார். அந்தப் புத்தகம் உங்களுக்கு ஏற்பில்லைன்னா நாம வேற இடத்துல வேற நாள் சண்டை போடலாம். இதை மட்டும் கவனிங்க: அந்தக் கதையில செத்தவங்க தப்பு பண்ணவங்க. உசுரோட இருந்தவங்க பிரிச்சுப் பார்க்காம அவங்களுக்காகக் கை நீட்டினாங்க. இது பின்னால தேவைப்படும்.

பகுத்தறிவு நண்பருக்கு

காசு விஷயத்துல உங்க கோபம் நியாயம். ஆனா அது எங்க சபைக்குத் தெரியாத விஷயம்னு நினைக்காதீங்க. 1563 டிசம்பரில் திரிதெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டுன்னு தீர்மானம் போட்டப்பவே, அதை வச்சு ஈனமான ஆதாயம் தேடறதையும் மூடத்தனத்தையும் தடை பண்ணணும்னு ஆயர்களுக்குச் சொல்லிடுச்சு. 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 947ஆவது விதி, பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாதுங்குது. 945ஆவது விதி, காணிக்கை இல்லாவிட்டாலும் மக்களோட கருத்துக்காக, அதிலும் ஏழைகளோட கருத்துக்காகப் பூசை வையுங்கன்னு குருக்களைக் கேட்டுக்குது. பத்து பேர்கிட்ட வாங்கி ஒரே பூசையில பத்து பேரையும் சேர்த்துப் படிக்கறதுக்கு, கொடுத்தவங்க சம்மதம் வேணும்னு வத்திக்கானில் இருந்து 2025 ஏப்ரலில் மறுபடியும் ஆணை வந்திருக்கு. உங்க ஊர்ல எந்தச் சாமியாராவது இதை மீறினா, பெரியார் புத்தகத்தைத் தேட வேண்டாம், சட்டப் புத்தகத்தையே நீட்டுங்க.

இன்னொரு விஷயம். 1915ல், முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தப்போ, பதினைந்தாம் பெனடிக்ட் போப்பாண்டவர் ஒரு சலுகை கொடுத்தார். நவம்பர் 2ஆம் தேதி மட்டும் ஒவ்வொரு குருவும் மூணு பூசை வைக்கலாம். ஆனா அதில் ஒண்ணுக்குத்தான் காணிக்கை வாங்கலாம். இன்னொண்ணு போப்பாண்டவரோட கருத்துக்கு. மிச்சம் ஒண்ணு, இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும். பேர் கொடுத்தவங்க, கொடுக்காதவங்க, பேர் சொல்ல ஆளே இல்லாதவங்க எல்லாருக்கும் சேர்த்து. காசு கிடையாது.

நம்ம பாட்டிமார் இந்தத் திருநாளை 'சகல ஆத்துமாக்கள் திருநாள்'னுதான் சொல்வாங்க. 'கல்லறைத் திருநாள்'ங்கற பேரைத்தான் இப்ப எல்லாரும் சொல்றோம். பேர் மாறினதுல 'சகல' காணாமப் போச்சு, 'கல்லறை' மட்டும் நின்னுடுச்சு. சரி, மேட்டருக்கு வருவோம்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு

தமிழ்நாட்டில், புதுச்சேரியில், நாம பெருமையா பேசற பழைய பங்குகளில், எத்தனை கல்லறைத் தோட்டம் சாதிவாரியா பிரிஞ்சு கிடக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல நிற்கிற சுவர் ஊரறிஞ்ச விஷயம். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். 2010ல் அந்தச் சுவரை உடைக்கப் போய்க் கைதானவர்கள் யார் தெரியுமா? பெரியார் இயக்கத் தோழர்கள். ஆத்துமாவே இல்லைன்னு சொல்றவங்களுக்கு அந்தச் சுவர் உறுத்தியிருக்கு. ஆத்துமாவுக்காக வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தற நமக்கு உறுத்தலை. என்ன கொடுமை சார் இது!

திருச்சி நம்ம மறைமாவட்டம் இல்லையேன்னு காரைக்கால்காரங்க நழுவ முடியாது. நாம இருக்கறது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம். எறையூரும் அதே உயர்மறைமாவட்டம்தான். 2008 மார்ச்சில் அங்கே என்ன நடந்தது? தனிக் கல்லறை, பிணம் கொண்டுபோகத் தனிப் பாதைன்னு பல தலைமுறையா ஒதுக்கி வச்சிருந்த தலித் கத்தோலிக்கர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. மார்ச் 9ஆம் தேதி அவங்க வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தாங்க. செத்த ரெண்டு பேரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அடிச்சவன், அடிபட்டவன், சுடப்பட்டவன் எல்லாருமே ஒரே ஜெபமாலை மாதாவைக் கும்பிடறவங்க. அது பழங்கதைன்னு சொல்றவங்களுக்கு: 2025 பிப்ரவரியில், கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கில் சாதிப் பாகுபாடு நடக்குதுன்னு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியிருக்கு.

நானே பார்த்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம், எங்க உறவு முறையில ஒரு கிராமம். நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் கல்லறை மந்திரிப்பு. முன்வாசல் பக்கம் சாமியார் ஒவ்வொரு கல்லறையா நின்னு, பேர் கேட்டு, தீர்த்தம் தெளிச்சு, தூபம் காட்டி முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் இருட்டினதுக்கு அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் போனார். வாசல்லயே நின்னு பொதுவா ஒரு ஜெபம், நாலு பக்கமும் நாலு தெளி, முடிஞ்சது. அஞ்சு நிமிஷம் இருக்குமா? அங்க மண்மேட்டுப் பக்கத்துல மெழுகுவத்தியைக் கையால காத்து மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா பேர் சொல்லத் தயாரா நின்னுக்கிட்டு இருந்தாங்க. யாரும் கேட்கலை. என் பக்கத்துல நின்ன மாமா, "அவங்க பக்கம் எப்பவும் சுருக்கமாதான்"னு சாதாரணமா சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினையே.

உத்தரிக்கிற ஸ்தலத்தில் எத்தனை வாசல்?

சாதி தப்புன்னு பொதுவா சொல்றதுக்கு எனக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அதை எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் சொல்ல வர்றது வேற. இறந்தவங்களுக்காக ஜெபிக்கறதுங்கற நம்ம நம்பிக்கையே, பிரிச்ச கல்லறையோட ஒத்துப்போகாது. ரெண்டுல ஒண்ணு பொய்.

எப்படின்னு கேளுங்க. உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கற ஆத்துமா தனக்குத் தானே எதுவும் செஞ்சுக்க முடியாதுன்னுதான் நமக்கு ஞானோபதேசத்துல சொல்லிக் கொடுத்தாங்க. நாம செய்யற ஜெபம், தவம், தருமம், பூசைதான் அதுக்கு உதவி. அப்ப நம்ம பண்ணையார் தாத்தாவோட ஆத்துமா யாரை எதிர்பார்த்துக் காத்துக்கிட்டு இருக்கு? பேரப்பிள்ளைங்களை மட்டுமா? அவர் வயல்ல நாத்து நட்ட ஆயாவோட ஜெபமும் அவருக்குப் போய்ச் சேருது. ஒருவேளை நம்ம ஜெபத்தைவிட சீக்கிரமாவே சேரலாம், அவங்க கடன் இல்லாத ஆளாச்சே! பழைய விசுவாச மந்திரத்துல 'சமுதீதப் பிரயோசனம்'னு ஒரு வார்த்தை வரும். சின்ன வயசுல அர்த்தம் தெரியாம கடகடன்னு ஒப்பிச்சிருப்போம். மோட்சத்துல இருக்கறவங்க, உத்தரிக்கறவங்க, பூமியில இருக்கறவங்க எல்லாருக்கும் பொதுவான ஒரே கஜானா, ஒருத்தர் செய்யற நல்லது எல்லாருக்கும் பயன்படும்ங்கறதுதான் அதுக்கு அர்த்தம்.

இப்பச் சொல்லுங்க. கஜானா ஒண்ணு, ஆனா குழி வேற வேறயா? "உன் ஜெபம் எங்க தாத்தாவுக்கு வேணும், உன் தாத்தா பக்கத்துல படுக்க வேண்டாம்"னு சொல்றது என்ன மாதிரியான விசுவாசம்?

ஆரம்ப காலத்துல இது எவ்வளவு தெளிவா இருந்ததுன்னு பாருங்க. புனித அகுஸ்தினாரோட அம்மா மோனிக்கா 387ல் இத்தாலியில ஒஸ்தியாவில் சாகக் கிடக்கறாங்க. ஆப்பிரிக்காவில புருஷன் பக்கத்துல தனக்குன்னு ஒரு கல்லறை ஏற்பாடு பண்ணி வச்சிருந்த அம்மா அவங்க. கடைசியில மகன்களைக் கூப்பிட்டு, உடம்பை எங்க வேணும்னாலும் புதைங்க, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஆனா பலிபீடத்துல என்னை நினைச்சுக்குங்கன்னு சொல்லிட்டாங்க. அகுஸ்தினார் இதைத் தன்னோட 'ஒப்புதல்கள்' நூல்ல எழுதி வச்சிருக்கார். இடம் முக்கியமில்லை, ஜெபம் முக்கியம். நாம அப்படியே தலைகீழா வச்சிருக்கோம். ஜெபத்துக்கு வருஷத்துக்கு ஒரு நாள், இடத்துக்கு வருஷம் முழுக்கக் காவல்.

காரைக்கால் சாமியார் ஒருத்தர் செஞ்ச காரியம்

"சாமியாருங்க என்ன பண்ணுவாங்க, ஊர் வழக்கம்"னு சொல்றவங்க ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்க. 1745 அக்டோபர். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள்ள, அதாவது அன்றைய சேசு சபைக் கோவிலுக்குள்ள, பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிச்சு ஒரு சுவர் இருந்தது. காரைக்காலில் இருந்து ஒரு குரு புதுச்சேரிக்கு வர்றார். அவர் கொடுத்த தைரியத்துல பறைச்சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியார்கிட்ட நியாயம் கேட்கறாங்க. ஆண்டவர் எல்லாரையும் சமமா பார்க்கறார், நீங்க ஏன் எங்களைத் தனியா வச்சீங்கன்னு. பெரிய சாமியாருக்குப் பதில் சொல்ல முடியலை. அப்பவே சுவரை இடிக்கச் சொல்லிட்டார். இத்தனைக்கும் பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. வேடிக்கை பார்த்த ஆளா எழுதி வச்சிருக்கார். சாதிக் கிறிஸ்தவர்கள் சும்மா விட்டாங்களா, அப்புறம் என்ன சச்சரவு எல்லாம் வந்ததுங்கறது தனிக்கதை. ஆனா ஒண்ணு தெரியுது. போப்பாண்டவர் சுற்றறிக்கைக்காக அவங்க காத்திருக்கலை. கேள்வி கேட்க ஆள் வந்தாங்க, சுவர் விழுந்துச்சு.

அதுக்கப்புறம் 1881ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. விரும்பறவங்க தங்களோட சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துட்டு, குடும்பப் பேர் வச்சுக்கிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள்ள வரலாம். இப்படித் துறந்தவங்க வாரிசுகள் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நிறைய. பாரீசில் இருந்து லீவுக்கு வந்து தாத்தா கல்லறைக்குக் கிரானைட் போடறவங்களும் அதில் உண்டு. சாதி வழக்கத்தைத் துறக்கறேன்னு காகிதத்துல கையெழுத்துப் போட்டவங்க பேரன் பேத்திகள், கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் மட்டும் அதே சாதியைத் தேடிப் பிடிக்கறதைப் பார்த்தா சிரிக்கறதா அழறதா தெரியலை.

சுனாமியும் சுவரும்

"2004 சுனாமியில எல்லாரையும் ஒரே குழியில போட்டாங்க, கடல் அம்மாவே சாதியை அடிச்சிட்டுப் போயிட்டா"ன்னு உருக்கமா பேசறவங்க உண்டு. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்க கடற்கரைக் குப்பங்களில் நூத்துக்கணக்கானவங்க போனாங்க. வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமா செத்து, மொத்தமா புதைக்கப்பட்டாங்க. யார் என்ன சாதி, என்ன மதம்னு யாரும் பார்க்கலை, உண்மைதான்.

ஆனா அந்தப் பிணங்களைக் கையால தூக்கினது யாரு? நாகப்பட்டினத்துக்கு வேற வேற நகராட்சிகளில் இருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில கொண்டு வந்து இறக்கினாங்க. பெரும்பாலும் தலித்துகள். செத்தவங்களோட சாதியைப் பார்க்கலை சரி, குழி வெட்டினவங்களோட சாதியை நல்லாப் பார்த்துத்தான் கூப்பிட்டாங்க. நிவாரண முகாம்லயும் தலித்துகளைத் தனியா ஒதுக்கினதைப் பத்தி அப்பவே செய்திகள் வந்துச்சு. அதனால கடல் வந்து சுவரை இடிக்கும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. கட்டினவங்கதான் இடிக்கணும்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"அது சங்கத்து நிலம், மறைமாவட்டத்துக்கு உரிமை இல்லை." சரி, நிலம் சங்கத்தோடது. தீர்த்தமும் தூபமும் யாரோடது? சாமியாரை யார் அனுப்பறாங்க? நிலம் உங்களோடதுன்னா மந்திரிப்பையும் நீங்களே வச்சுக்குங்கன்னு ஆயர் சொல்லலாமே.

"அவங்களே தனியாத்தான் கேக்கறாங்க." எறையூர்ல தனிப் பங்கு கேட்டது உண்மை. வாசல்ல நிக்க வச்சு அவமானப்படுத்தினா எவனும் தனி வாசல்தான் கேப்பான். அதை உங்க பெருந்தன்மைக் கணக்குல எழுதாதீங்க.

"செத்தவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" இதைப் பகுத்தறிவுக்காரர் சொல்லலாம். நீங்க சொல்லக்கூடாது. செத்தவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னா பூசைக்கு எதுக்குக் கொடுத்தீங்க?

"மெதுவாத்தான் மாறும்." 2003 நவம்பர் 17ஆம் தேதி, நம்ம உயர்மறைமாவட்டம் உட்பட தமிழ்நாட்டு ஆயர்களைப் பார்த்தப்ப, இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் கிறிஸ்தவர்களுக்குள்ள சாதி பார்க்கறதைக் கண்டிச்சார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு ஒத்துக்கிட்டது. 1745ல் ஆரம்பிச்சா 280 வருஷத்துக்கு மேல ஆகுது. இன்னும் எவ்வளவு மெதுவா வேணும்?

என்ன செய்யலாம்?

திட்டிட்டு மட்டும் போனா அது பதிவு இல்லை, புலம்பல். அதனால நாலு விஷயம்.

1. பிரிஞ்சு கிடக்கற கல்லறைத் தோட்டங்களில், இனிமே இறக்கறவங்களுக்கு இறந்த தேதி வரிசைப்படி குழி. நேத்து யார் செத்தாங்களோ அவங்க பக்கத்துல இன்னிக்குச் செத்தவங்க. பழைய கல்லறை எதையும் தொட வேண்டாம்.

2. ஊருக்கு ஒரே தூம்பா, ஒரே பாதை. துக்க மணியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

3. நவம்பர் 2ஆம் தேதி சகல ஆத்துமாக்களுக்கான அந்தக் காசில்லாப் பூசையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கணும். மந்திரிப்பும் அங்கேயே தொடங்கட்டும். நாம அங்க போவோம்.

4. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவங்களுக்காக ஜெபிச்சா, முறையான நிபந்தனைகளோட, பரிபூரண பலன் கிடைக்கும், அதை ஒரு ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம்னு சபை சொல்லுது. அதில ஒரு நாளாவது நம்ம குடும்பம் இல்லாத, நம்ம சாதி இல்லாத, பேர்கூடத் தெரியாத ஒருத்தர் கல்லறையில போய் முட்டி போடுங்க. இதுக்கு ஆயர் அனுமதி, சங்கத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. ரெண்டு ரூபா மெழுகுவத்தி போதும்.

நாலாவதைச் செஞ்சு பாருங்க, முதல் மூணையும் பங்குப் பேரவையில கேட்க உங்களுக்கே வாய் வரும்.

டிஸ்கி: "வெளியாளுங்க சிரிக்கிற மாதிரி நம்ம வீட்டு விஷயத்தை ஏன் எழுதறே"ன்னு கேட்கப் போற சொந்தக்காரங்களுக்கு: ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வச்சதாலதான் ஒரு காரைக்கால் சாமியாரோட நல்ல காரியம் இன்னிக்கும் தெரியுது. இன்னும் இருக்கற சுவரையும் யாராவது எழுதித்தானே ஆகணும்? திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல்னும் அதிலேயே எழுதிட்டுப் போங்க.